உடையவன் கண்ணும் பட்டறையின் கையும்



“உடையவன் பாராத பயிர் உருப்படாது” என்பது நம் முன்னோர் வாக்கு. உழவனுக்குச் சொல்லப்பட்ட இவ்வுரை மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கும் பொருந்துமா? தன் வண்டியைத் தானே பேணுவது நன்றா, நம்பிக்கைக்குரிய பட்டறையிடம் பொருள் கொடுத்து ஒப்படைப்பது நன்றா? இவ்வினா நேற்று எழுந்ததன்று. மோட்டார் சைக்கிளுடனேயே பிறந்தது. ஆதலின் விடையை வரலாற்றிடமே கேட்போம்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டம் ஒன்றில் பெட்ரோல் யந்திரத்தைப் பொருத்தி ஓட வைத்தனர். 1894-இல் மியூனிக் நகரில் ஹில்டெபிராண்டு – வோல்ஃப்முல்லர் நிறுவனத்தார் இத்தகைய வண்டிகளை விற்பனைக்காகவே செய்யத் தொடங்கினர். அந்நாளில் வண்டியை வாங்கியவனே அதன் மெக்கானிக்கும் ஆனான். வழியில் நின்றால் ஓடிச்சென்று அழைக்க ஊர்தோறும் பட்டறை ஏது? தொடக்ககால வண்டிகள் பலவற்றில், ஓட்டிச் செல்லும்போதே கைப்பம்பை அழுத்தி யந்திரத்துக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகிவிடும். பின்சக்கரத்தைச் சுழற்றும் வார் மழையில் நனைந்தால் வழுக்கும். தானே செய்வதா, பிறரிடம் விடுவதா என்று எண்ணிப் பார்க்கும் உரிமையே அன்று அவனுக்கு இல்லை.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றிற்று. பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் ‘மாடல் எச்’ என்னும் வண்டியை நேசநாட்டுப் படைகளுக்கென 30,000-க்கும் மேல் செய்தளித்தது. சேறும் பள்ளமும் நிறைந்த போர்முனைச் சாலைகளில் தூதுவீரர்கள் அவற்றில் செய்தி சுமந்து சென்றனர். செய்தி உரிய நேரத்தில் சேராவிடின் பல உயிர்கள் மாயும். ஆகவே வழியில் நேரும் சிறு பழுதை வீரனே நீக்கக் கற்றிருந்தான். பெரும் பழுதுகளைப் படையின் பட்டறைகள் ஏற்றுக்கொண்டன. உடையவன் கடமை இது, பட்டறையின் கடமை இது என்று ஓர் எல்லைக்கோடு இவ்வாறு தெளிவுற்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி ‘என்ஃபீல்டு இந்தியா’வை நிறுவின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. 1970-இல் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மறைந்த பின்னும் திருவொற்றியூர் வண்டி நிற்கவில்லை. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று!

அந்தப் பழைய புல்லட் உடையவன் கைக்கு எட்டும் யந்திரம். பற்றவைப்புக்கான பிளாட்டினத்தின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனைச் சரிசெய்ய ஒரு ஸ்பானரும் மெல்லிய அளவுத் தகடும் போதும். எனினும், கைக்கு எட்டுவதெல்லாம் கைவந்துவிடாது. இதனை நான் பட்டறிந்தவன்.

ஆசிரியனாயிருந்தபோது, 1980-களின் பிற்பகுதியில், பழைய புல்லட் ஒன்று வாங்கினேன். ஒருநாள் எண்ணெயை மாற்றிவிட்டு, ஒழுகக்கூடாதே என்ற கவலையால் வடிதிருகை வலிமையெல்லாம் கொண்டு முறுக்கினேன். அலுமினிய உறையின் மரை அழிந்துவிட்டது. முதிய மெக்கானிக் ஒருவர் சற்றுப் பெரிய மரை வெட்டி வேறு திருகு பொருத்தினார். பின்பு, “வாத்தியாரையா, நீங்களே எண்ணெய் மாற்றினது தப்பில்லை, எவ்வளவு முறுக்கணும் என்று கேட்காததுதான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வாங்க, பக்கத்தில் நின்று பாருங்க” என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், பல ஞாயிறுகள் அவருக்கு மாணவனானேன். புறப்படுமுன் சக்கர அச்சு, பிரேக், சங்கிலி ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் அவர் தந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின், வேறொரு பட்டறையில் பின்சக்கரத்துக்குப் புது டயர் மாற்றினேன். மறுநாள் விடியலில் மனைவியுடன் ஏற்காடு செல்ல ஏற்பாடு. வழக்கப்படி தொட்டுப் பார்த்தேன். அச்சின் நட்டு விரலுக்கே சுழன்றது! முறுக்க மறந்துவிட்டனர். மலைப்பாதையின் இருபது கொண்டைஊசி வளைவுகளை எண்ணியபோது உடல் சிலிர்த்தது. என் பிழையைப் பட்டறை திருத்தியது. பட்டறையின் பிழையை என் கண் கண்டது. இரண்டும் உண்மை, ஒன்றை மட்டும் நினைவிற்கொள்வது பேதைமை.

காலம் எல்லைக்கோட்டை நகர்த்திக்கொண்டே வந்துள்ளது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகைக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அதன் உணரிகளில் நேரும் பழுதைக் கணினிக் கருவி கொண்டே கண்டறிய வேண்டியிருக்கிறது. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பும் அத்தகையதே. அவற்றில் பயிற்சியின்றிக் கைவைத்தல் துணிவன்று, விளையாட்டு.

ஆயினும் டயரின் காற்று, சங்கிலியின் தொய்வு, எண்ணெயின் அளவு, பிரேக் கட்டையின் தேய்மானம் ஆகிய நான்கும் 1955-இல் போலவே இன்றும் உடையவன் கண்ணுக்குரியவை. இவற்றைப் பார்ப்பதற்குப் பொருட்செலவில்லை. சில நிமிடங்களே வேண்டும்.

மாணவர்களே, பட்டறையை நம்புங்கள். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. கரிபடிந்த கையுடைய மெக்கானிக்கை, ஏடு கற்பிக்கும் ஆசிரியருக்கு நிகராக மதியுங்கள். உங்கள் வண்டியை அவரிடம் விடும் நாளில், கூடவே நின்று பாருங்கள், அறியாததைக் கேளுங்கள். நீங்கள் ஓட்டும் வண்டியில் உங்கள் உயிர் மட்டுமன்று, பின்னிருப்பவர் உயிரும், எதிரில் வருபவர் உயிரும் அடங்கியுள்ளன.