தெருவுக்குக் கூலி தந்தவர் யார்?

ஊர் வரலாறு எழுதுவோர் கோயிலை எழுதுவர், கோட்டையை எழுதுவர், அரசர் வந்துபோன நாளை எழுதுவர். தெருவையும் அதன் ஓரத்துச் சாக்கடையையும் எழுதுவோர் அரியர். ஆயினும் ஓர் ஊரின் ஆட்சி எத்தகையது என்பதை அறியத் தெருவைவிடச் சிறந்த சான்று இல்லை. தெருவை வகுத்தவர் யார், அதற்குப் பணம் தந்தவர் யார், அப்பணத்துக்குக் கணக்குக் கேட்டவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால் அவ்வூரின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும். ஜொகூர் மாநிலத்துச் சிறு நகரங்களைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

இவை நமக்குப் புதியன அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் வாரியம் அமைத்ததைக் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னை ஆராய ஒரு வாரியம் என வேலை பகுக்கப்பட்டது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறலாகாது என்பது அதன் விதி. அது நிலமுடைய அந்தணரின் சபை என்பதையும், ஊரில் உழைத்த பலர்க்கு அதில் இடமில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் பொதுப்பணத்தைக் கையாள்வோன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் நெறி அன்றே கல்லில் பொறிக்கப்பட்டது.

ஜொகூரில் நகர அமைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் உட்பகுதிகள் ஆற்றங்கரைகளை ஒட்டியே திறக்கப்பட்டன. மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனத் தலைவர்கள் ஆட்சியாளரிடம் ஆற்றுரிமை பெற்றுக் குடியேற்றங்களை நடத்தினர். ‘கங்சு’ முறை எனப்படும் இவ்வேற்பாடு 1917-இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. இதனிடையே மகாராஜா அபு பக்கார் மூவார் ஆற்றின் கழிமுகத்தில் 1884-இல் பண்டார் மகாராணி என்னும் நகரை நிறுவினார். ஆற்றை ஒட்டிச் செல்லும் தெருக்களும் அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்களுமாக வகுக்கப்பட்ட நகர் அது.

பின்னர் 1909-இல் இரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1924-இல் சிங்கப்பூர்ப் பாலம் திறக்கப்பட்டது. இரப்பர் தோட்டங்கள் பெருகின. குளுவாங், சிகாமட் முதலிய ஊர்கள் வளர்ந்தன. நகர வாரியங்கள் தெருக்களையும் சாக்கடைகளையும் சந்தைகளையும் கவனித்தன. மலாயாவெங்கும் போலவே இங்கும் தண்டவாளம் பதித்தவரிலும், கல்லுடைத்துச் சாலையிட்டவரிலும், சாக்கடை கூட்டியவரிலும் தமிழர் பெருந்தொகையினர். பொதுப்பணி இலாகாவின் கூலி ஏடுகளில் அவர்கள் பெயர் இருந்தது. வாரியத்தின் மேசையைச் சுற்றி அவர்களுக்கு நாற்காலி இருந்ததில்லை.

அவசரகாலமும் புதுக்கிராமங்களும்

1948-இல் அவசரகாலம் பிறந்தது. சர் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரத்தில் சிதறியிருந்த குடிகளை ஒன்றுகூட்டும் வேலை 1950-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென்கோடியாகிய ஜொகூரில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மலாயா முழுவதும் ஏறக்குறைய 480 புதுக்கிராமங்கள் எழுந்தன. சுமார் 5 இலட்சம் மக்கள் அவற்றில் குடியமர்த்தப்பட்டனர். முதலில் வந்தது முள்வேலி. தெருவும் சாக்கடையும் குழாயும் விளக்கும் பின்னரே வந்தன. போர்க்காலத் தேவைக்காக வகுக்கப்பட்ட ஊர்கள் ஆதலின் தொடக்கச் செலவை அரசு ஏற்றது. ஆனால் வேலி போட்டவரே எந்நாளும் விளக்கெரிக்க முடியுமா?

இதற்கு விடையாக வந்ததே 1952-ஆம் ஆண்டு உள்ளூர் மன்றச் சட்டம். கிராமத்தார் தாமே மன்றம் தேர்ந்து, வரி விதித்து, உரிமக் கட்டணம் பெற்று, அரசு மானியத்தையும் சேர்த்துத் தம் ஊரைப் பேணலாம் என்றது அது. கட்டாயத்தால் உண்டான ஊர் தன்னாட்சிக்குப் பயிற்சிக் களமாயிற்று.

தோட்டத் தமிழரின் நிலை வேறு. அவர்களும் இக்காலத்தில் ஒன்றுகூட்டப்பட்டனர். சிதறியிருந்த லயன்கள் வேலிக்குள் சேர்க்கப்பட்டன. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலையும் குழாயும் நிர்வாகத்தின் விருப்பம். மன்றமும் இல்லை, வாக்கும் இல்லை. நகரத்துக்குத் தெருவமைத்துத் தந்தவர் மாலையில் திரும்பியது, பெயரற்ற செம்மண் பாதைக்கு.

நாகப்பன் குழு

‘கொன்பிரந்தாசி’ எனப்பட்ட இந்தோனேசியப் பகைமையைக் காரணங் காட்டி 1965 மார்ச்சு மாதம் உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஜொகூர் பாரு, பத்து பகாட் முதலிய நகர மன்றங்களின் மீது நிர்வாகச் சீர்கேட்டுப் புகார்கள் எழுந்ததும் அக்காலத்தேதான். மாநில அரசு அவற்றின் பொறுப்பைத் தானே ஏற்றது. இந்நிலையில் உள்ளூராட்சியை ஆராய 1965-இல் அமைந்த அரசாணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்: செனட்டர் ஆதி நாகப்பன்.

முந்நூறுக்கும் மேற்பட்ட மன்றங்களும் வாரியங்களும் பலவகைச் சட்டங்களின்கீழ் இயங்கியதைக் குழு கண்டது. வருவாய் போதாமையும் ஆள் போதாமையும் பல மன்றங்களை நலித்தன. எனினும், குறைகள் இருப்பினும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே நியமன மன்றத்தினும் மேல் என்பது அக்குழுவின் முடிவு. அறிக்கை 1968-இல் முடிந்து 1971-இல் வெளிவந்தது. சிறு மன்றங்களை இணைத்து வலுப்படுத்த வேண்டும் என்ற கருத்து நிறைவேறிற்று. தேர்தல் வேண்டும் என்ற கருத்து நிறைவேறவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் உறுப்பினரை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டியது.

இன்று பணம் வரும் வழி

இன்றைய வருவாயின் முதுகெலும்பு மதிப்பீட்டு வரி. தீபகற்பத்தின் பிற மாநிலங்களில் அது ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஜொகூரிலோ நிலமும் கட்டடமும் சேர்ந்த விலைமதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சட்டம் முன்னதற்கு நூற்றுக்கு 35, பின்னதற்கு நூற்றுக்கு 5 என மேல்வரம்பு வைத்துள்ளது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆண்டுக்கு 6,000 வெள்ளி வாடகை பெறும் வீட்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் விதித்தால் வரி 600 வெள்ளி. அதே வீட்டின் விலை 150,000 வெள்ளியாயின், ஆயிரத்துக்கு 4 வீதம் விதித்தாலும் 600 வெள்ளியே வரும். தொகை ஒன்றாயினும் கருத்து வேறு. தெரு செப்பனிடப்பட்டால் அதை ஒட்டிய மனையின் விலை உயர்கிறது. பொதுப்பணத்தால் உயர்ந்த விலையில் ஒரு பங்கு பொதுப்பணத்துக்கே திரும்புவது முறைதானே?

1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்திலும் இதே நியாயம் உண்டு. தனியார் தெருவைச் செப்பனிடுமாறு அதை ஒட்டிய மனைக்காரர்களை மன்றம் பணிக்கலாம். அவர் செய்யாவிடில் தானே செய்து செலவை அவர்களிடம் பெறலாம். மாநிலச் சாலைகளுக்குக் கூட்டரசின் மானியம் உண்டு. ஆனால் மின்சாரம் தேசிய நிறுவனத்திடமும், தண்ணீர் வேறொரு நிறுவனத்திடமும், குப்பை 2011 முதல் கூட்டரசுச் சட்டத்தின்கீழ்த் தனி நிறுவனத்திடமும் சென்றுவிட்டன. ஒரே தெருவை இன்று நால்வர் தோண்டுகின்றனர். ஒருவர் மூடியதை மற்றவர் திறக்கின்றார். குடியிருப்பவர் குறை சொல்லப் போனால் எந்த வாயிலில் நிற்பது என்பதே முதற் குழப்பம்.

வரி கொடுப்பது குடிகளின் கடன். கணக்குக் காட்டுவது மன்றத்தின் கடன். முதற்கடன் தவறினால் அறிவிப்புக் கடிதம் வருகிறது. இரண்டாவது தவறினால் கேட்பதற்குரிய வழி, 1965-க்குப் பின் வாக்காளர் கையில் இல்லை. ஆசிரியர்கள் உத்தரமேரூரைக் கற்பிக்கும்போது, பள்ளி வாசலில் ஓடும் சாக்கடையையும் மாணவர்க்குக் காட்டி, இதற்குப் பணம் தந்தவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்று வினவுவார்களாயின், பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு வெறும் பாடமாக நில்லாது, இன்றைய கேள்வியாகவும் எழும்.