முரட்டு சிங்கிள்: ஒரு வழக்குச் சொல்லின் வரலாறு

முரட்டு சிங்கிள் என்பது காதலோ திருமணமோ அமையாத ஆண் தன்னையே கேலியாகக் குறிக்க இணையத்தில் பயன்படுத்தும் வழக்குச் சொல். 'முரட்டு' என்ற அடைக்கு இங்கே 'அசைக்க முடியாத' என்று பொருள். 1990-களில் பிறந்து இன்னும் மணமாகாத ஆண்களைக் குறிக்கும் '90ஸ் கிட்ஸ்', காதலில் தோற்றவனைக் குறிக்கும் 'சூப் பாய்' ஆகியவை இதன் உறவுச் சொற்கள். 'சூப் பாய்' 2011-இல் வெளியான 'கொலவெறி' பாடல் வழியாகப் பரவலாயிற்று.

மேலைநாட்டு இணைச்சொல்

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய சொல் 'இன்செல்'. விரும்பாமல் வாய்த்த பிரம்மச்சரியம் என்று பொருள்படும் தொடரின் சுருக்கம் இது. 1997-இல் கனடாவில் அலனா என்ற மாணவி, துணை கிடைக்காத ஆண்களும் பெண்களும் மனம்விட்டுப் பேச ஓர் இணையதளம் தொடங்கினார். இச்சொல் அங்கிருந்து வந்தது.

பின்னாளில் ஆண்கள் மட்டும் கூடிய குழுக்களில் அதன் பொருள் மாறியது. தனிமையைச் சொன்ன சொல் பெண்கள் மீதான குற்றச்சாட்டாயிற்று. அழகும் செல்வாக்கும் உள்ள ஆண் 'சாட்' எனவும், அவனை மட்டுமே நாடுவதாகச் சொல்லப்பட்ட பெண் 'ஸ்டேசி' எனவும் பெயர் பெற்றனர். எதுவும் மாறாது என்று நம்பிக்கை இழந்தவன் 'கறுப்பு மாத்திரை' விழுங்கியவன் எனப்பட்டான். 2014-இல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 6 பேரும், 2018 ஏப்ரலில் டொராண்டோவில் வேன் ஏற்றப்பட்டதில் அன்றே 10 பேரும் கொல்லப்பட்டனர். இவ்விரு தாக்குதல்களும் இந்த வெறுப்புப் பேச்சோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

கொங்கு நாட்டுப் பின்னணி

கொங்கு நாட்டில் 'பொண்ணு கிடைக்கவில்லை' என்பது வெறும் நகைச்சுவை அன்று. 2001 கணக்கெடுப்பில் 6 வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகச் சராசரியாக 942 பெண் குழந்தைகள் இருந்தனர். சேலம் மாவட்டத்தில் அது 851 மட்டுமே. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. அக்கணக்கெடுப்பில் குழந்தைகளாக இருந்தவர்களே இன்று மணவயதை அடைந்தவர்களும் அதைக் கடந்தவர்களும்.

பற்றாக்குறையோடு எதிர்பார்ப்பும் மாறியது. சென்னிமலை கைத்தறிப் போர்வைக்குப் பேர்போன ஊர். அருகில் பெருந்துறை, ஈரோடு, திருப்பூர் எனக் கல்லூரிகளும் ஆலைகளும் பெருகின. படித்த பெண்ணும் அவள் வீட்டாரும் மாதச் சம்பளத்தை விரும்பும்போது, தறியையோ தோட்டத்தையோ நம்பி வாழும் மாப்பிள்ளையின் ஜாதகம் தரகர் பையிலேயே தங்கிவிடுகிறது. சாதி, கூட்டம், பொருத்தம் என்ற வரம்புகள் தேடலை இன்னும் குறுக்குகின்றன. இதனால் கொங்குப் பகுதியினர் சிலர் தரகர் மூலம் கேரளத்திலிருந்து பெண் எடுக்கின்றனர்.

கேலி கசப்பாகும் இடம்

'முரட்டு சிங்கிள்' பேசுபவனையே குறிக்கிறது. மற்றவரைக் குறிக்கும் சொற்களில்தான் கசப்பு ஏறுகிறது. பெண்ணின் ஆண் நண்பனைப் போட்டியாளனாகச் சித்திரிக்கும் 'பெஸ்டி' அதன் மென்மையான வடிவம். 'நாடகக் காதல்' கடுமையான வடிவம். தலித் இளைஞர்கள் பிற சாதிப் பெண்களைக் காதலிப்பதுபோல் நடித்து ஏமாற்றுகின்றனர் என்ற குற்றச்சாட்டைச் சுமந்த இச்சொல், 2012 தருமபுரிக் கலவரத்தை ஒட்டி அரசியல் மேடைகளில் ஓங்கி ஒலித்தது. பெண்ணுக்குச் சொந்த விருப்பம் இருக்கக்கூடும் என்பதையே அது மறுக்கிறது.

2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியுடன் வந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

மதிப்பீடு

'இன்செல்' என்ற சொல் ஆறுதலில் தொடங்கி வெறுப்பில் முடிந்தது. 'முரட்டு சிங்கிள்' இன்னும் பெரும்பாலும் சிரிப்பாகவே இருக்கிறது. ஆனால் 'இந்தக் காலத்துப் பொண்ணுங்க' என்று பழி தொடங்கும்போது ஒரு கணக்கு மறைக்கப்படுகிறது. இன்றைய மணமகன்களுக்குக் கிடைக்காத மணமகள்களில் ஒரு பகுதியினர் யாரையும் வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்லர். பிறக்கவோ வாழவோ விடப்படாதவர்கள்.