ஒத்திவைக்கப்பட்ட ஞானஸ்நானம்

கர்த்தரைத் தேடுவதற்குரிய காலம் ஒன்று உண்டென ஏசாயா 55:6 உணர்த்துகின்றது. அக்காலத்தைக் கடைசி நாள்மட்டும் நீட்டிக்க முயன்ற ஒரு தலைமுறையை நான்காம் நூற்றாண்டுத் திருச்சபையில் காண்கிறோம்.

கி.பி. 325-இல் நிசேயா சங்கத்தைக் கூட்டிய பேரரசர் கான்ஸ்டன்டைன், 337-இல் மரணத் தறுவாயிலேயே ஞானஸ்நானம் பெற்றார். இது அவர் ஒருவருடைய வழக்கமன்று. ஞானஸ்நானத்திற்குப் பின் கொடிய பாவத்தில் விழுந்தோர் நெடுங்காலம் பகிரங்கத் தவமிருக்க வேண்டும். அவ்வாய்ப்பும் ஒருமுறையே உண்டு. இவ்வச்சத்தினால் பலர் தாமதித்தனர். 354-இல் பிறந்த அகுஸ்தீன், சிறுவயதில் நோயுற்றபோது ஞானஸ்நானத்தை வேண்டினார். நோய் நீங்கவே அது ஒத்திவைக்கப்பட்டது. 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளிலேயே மிலான் நகரில் அம்புரோசின் கையால் அதைப் பெற்றார். அத்தாமதம் பாவத்திற்குக் கடிவாளத்தைத் தளர்த்தியதாகப் பின்னர் தமது அறிக்கையில் வருந்தினார்.

நாசியான்சுவின் கிரகோரி இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். நாவும் அறிவும் தளரும் நோய்ப்படுக்கைக்காகக் காத்திராதீர்கள் என்பது அவரது போதனை. ஞானஸ்நானம் பெறாத இளைஞராய்க் கடற்புயலில் சிக்கி நடுங்கியவர் அவர். ஆகவே அனுபவித்தே பேசினார்.

கடைசி வேளையில் வருபவரையும் ஆண்டவர் தள்ளுவதில்லை. ஆயினும் கிருபையை மரணத்திற்கான ஏற்பாடாக மட்டும் எண்ணியவர்கள், அதனால் வாழும் வாழ்வை இழந்தனர். அவ்விழப்பில் திருச்சபையின் கடுமைக்கும் பங்குண்டு. இன்று நம் சபைகளில் குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறோம். தாமதமோ மனந்திரும்புதலுக்கு இடம் மாறியுள்ளது. 2 கொரிந்தியர் 6:2-ஐப் பிறருக்குப் பிரசங்கிக்கும் நாம், அதை முதலாவது நமக்கே கூறிக்கொள்வோமாக.