ஜேக்யூ

ஜேசன் வடிவில் ஒன்றனுள் ஒன்றாக அடங்கிக் கிடக்கும் தரவிலிருந்து வேண்டிய அம்சத்தை மட்டும் பிரித்தெடுக்கும் கட்டளை வரிக் கருவி. ஸ்டீபன் டோலன் 2012-இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதத் தொடங்கி, விரைவிலேயே சி மொழியில் மாற்றியமைத்தார்.

இதன் பூர்வ சரித்திரம் யூனிக்ஸ் மரபைச் சார்ந்தது. ஒரு நிரலின் விளைவை மற்றொன்றுக்கு ஊட்டும் ‘பைப்’ முறையும் தேடும் சொல் அடங்கிய வரிகளைப் பொறுக்கித் தரும் கென் தாம்ஸனின் கிரெப்பும் 1973-ஐ ஒட்டித் தோன்றி, 1977-இல் வரிகளைப் பகுத்துக் கையாளும் ஆக் வந்து சேர்ந்தபின், தரவை வரிவரியாக வாசிப்பதே சம்பிரதாயமாயிற்று. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தளித்த ஜேசனோ கிளைகளும் உபகிளைகளும் கொண்ட விருட்சம். வரியை நம்பிய கருவிகள் அதன்முன் திகைத்தன.

இதைப் பிரத்தியட்சமாகக் காட்டும் நகரம் நியூசிலாந்தின் ஆக்லாந்து. எட்டு உள்ளாட்சி மன்றங்கள் 2010 நவம்பர் 1 அன்று ஒன்றானபோது உதயமான ஆக்லாந்து டிரான்ஸ்போர்ட், ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துகளும் ரயில்களும் அந்தந்தக் கணத்தில் எங்கே இருக்கின்றன என்பதை, கூகுள் 2011-இல் வெளியிட்ட ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் என்ற நியமத்தைத் தழுவி, பதிவு செய்துகொண்ட எவருக்கும் ஜேசனாக அளிக்கிறது. ‘ரெஸ்பான்ஸ்’ என்னும் அறையைத் திறந்தால் ‘என்டிட்டி’ என்ற பட்டியல். அதன் ஒவ்வோர் உறுப்பிலும் ‘வெஹிக்கிள்’. அதற்குள் பயணத்தைச் சொல்லும் ‘டிரிப்’, இடத்தைச் சொல்லும் ‘பொசிஷன்’, இவற்றோடு வண்டியின் அடையாளத்தைத் தாங்கி மறுபடியும் ஒரு ‘வெஹிக்கிள்’! வெளியே இருப்பது எது, உள்ளே இருப்பது எது என்று கிரெப்புக்குத் தெரியாது. கோப்பு முழுவதும் ஒரே வரியாய் வந்துவிட்டால் அம்முழு வரியையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஜேக்யூவிலோ, புள்ளி வைத்துப் பெயரைச் சொன்னால் அறை திறக்கிறது, சதுர அடைப்பை இட்டால் பட்டியல் உறுப்புறுப்பாக விரிகிறது, ‘செலக்ட்’ என்று கூறித் தடத்தின் எண்ணை நிபந்தனையாக்கினால் மற்ற வண்டிகள் யாவும் விலகி, குயின் தெருவில் நிற்பவர் எதிர்பார்க்கும் பேருந்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாத்திரமே எஞ்சுகின்றன. பழைய பைப் கோடு இதன் சூத்திரத்துக்குள்ளேயே அமைந்திருப்பது, முன்னோர் வழியை மறவாத அழகு என்றே சொல்ல வேண்டும்.

இவ்வாறு சலித்ததைக் காற்புள்ளியிட்ட அட்டவணையாக்கி, புள்ளியியலுக்கான ஆர் மொழிக்கு அனுப்பவும் வழியுண்டு. ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் அம்மொழியைப் படைத்தது இதே ஆக்லாந்தின் பல்கலைக்கழகத்தில்தான்.

ஜேக்யூவின் 1.5-ஆம் பதிப்பு 2015-இலும் 1.6 2018-இலும் வெளிவந்தன. பின்னர் ஏறத்தாழ ஐந்தாண்டு மௌனம். புதிய பராமரிப்பாளர்கள் பொறுப்பேற்றபின் 2023-இல் 1.7 வந்தது. எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் இதைப் பயன்படுத்தவும் திருத்தவும் எவருக்கும் தடையில்லை.