மழை நாளும் நம் பிள்ளைகளும்

கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, சபாக் பெர்ணம் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் 'சுமத்திராக் காற்று' புதிதன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கிளம்பும் இந்தக் காற்று, பெரும்பாலும் விடியுமுன்னரே இடியும் மழையுமாகக் கரையேறிவிடும். அதாவது, பெரட்டுக்கு ஆள் கூடுகின்ற அதே நேரத்தில்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்லுகிறோம். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக் கோட்டிலே ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். மங்கில் மழைத்தண்ணீர்தான் நிறையும். ஆகவே மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்தக் காலத்தில் வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. 1920-களின் கடைசியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி, 1930-இல் 40, 32 காசு என்று இறக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால், கடைக்காரரின் கணக்குப் புத்தகம்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

நாம் பேச வந்தது பிள்ளைகளைப் பற்றி. மற்ற நாள்களில் தாயும் தகப்பனும் இருட்டோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும். கொஞ்சம் பெரியவர்கள் பள்ளிக்கூடம் போவார்கள். ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சில பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து வேலைக்கே போனார்கள். அவர்களுக்கென்று ஒரு சிறு கூலியும் இருந்தது. மழை பெய்த நாளில்தான் குடும்பம் முழுவதும் ஒரே கூரையின் கீழ்ப் பகல் வெளிச்சத்தில் இருந்தது. கூலி போன அந்த நாளில்தான் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கிடைத்தார்கள்.

எல்லாருக்கும் அப்படிக் கிடைத்ததாகச் சொன்னால் பொய்யாகிவிடும். தென்னந்தோப்பு நிறைந்த இந்த வட்டாரத்தில் கள்ளுக்கடை தூரமில்லை. மழை நாளில் தகப்பன்மார் பலர் அங்கே ஒதுங்கினார்கள். 1941-இல் கிள்ளான் பக்கம் மூண்டு சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின்போது, கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று தொழிலாளர்களே கேட்டார்கள். நோய் எங்கே என்று நோயாளிக்கே தெரிந்திருந்தது.

வீட்டில் தங்கியவர்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? லயத்து அறை சிறியது. விறகுப் புகை வேறு. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுச் சாமான் எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள் ஆட்டத்தின் கணக்கைத் தலையில் கொண்டுவந்தார்கள். காய்களைத் தோட்டம் கொடுத்தது.

முதலில் கித்தா விதை. வெயில் காய்ந்த நாளில் காய் படீரென்று வெடித்து விதைகளைத் தூர எறியும். அவற்றைப் பொறுக்கிப் பால் டின்னில் சேர்த்து வைப்பது பிள்ளைகளின் வேலை. ஒரு விதையின்மேல் இன்னொன்றை வைத்து ஓங்கி அடித்து, எது உடைகிறது என்று பார்ப்பது பையன்களின் ஆட்டம். விதையில் துளையிட்டு ஈர்க்குச்சியும் நூலும் கோத்துச் சுழல விடுவது இன்னொன்று. (பச்சை விதையில் நஞ்சு உண்டு, வாயில் போடும் வயதுக் குழந்தையிடம் இதைக் கொடுக்கக் கூடாது.)

இதே விதைகள்தாம் பல்லாங்குழிக்கும் காய்களாயின. பலகை இல்லாத வீட்டில் கரித்துண்டால் தரையில் வட்டங்கள் போட்டார்கள். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, பதினான்கு குழி. குழிக்கு ஐந்து என்றால் எழுபது காய். தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை வெறுமையானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால், அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை மற்றவரிடம் விட வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் அவரவர் குழியை ஐந்தைந்தாக நிரப்புவார்கள். நிரப்ப முடியாத குழி அடைபட்டுவிடும். தோற்றவர் குறைந்த குழிகளோடு மறுபடியும் ஆட வேண்டும். கடனோடு மாதத்தைத் தொடங்கிய நம் தாய்மாருக்கு இந்த விதி நன்றாகப் புரிந்திருக்கும்.

பள்ளிக்குப் போகாத பாட்டி, பள்ளிக்குப் போகும் பேரனை இந்த ஆட்டத்தில் எளிதாக வென்றுவிடுவாள். எந்தக் குழியை எடுத்தால் எங்கே முடியும் என்று அவள் கண்ணாலேயே எண்ணிவிடுவாள். பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் இப்படித்தான் படிந்தன. பெண்களின் ஆட்டம் என்று இதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட வீடுகள் உண்டு. அது வீண் வீம்பு.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலாய்க் கம்பத்திலும் இதன் உறவுக்கார ஆட்டம் நடந்தது. அவர்கள் சொங்காக் என்கிறார்கள். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் பலகையின் ஓரத்தில் 'வீடு' என்னும் பெரிய குழி உண்டு. அதிலே காய் சேர்ப்பதுதான் நோக்கம். இலங்கையிலும் பிலிப்பைன்ஸிலும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் இதே குடும்பத்து ஆட்டங்கள் உள்ளன. அதுபோலவே நம் அஞ்சாங்கல் அவர்களுடைய பத்து செரம்பானுக்கு நெருங்கிய உறவு. சங்க நூல்கள் கழங்கு என்று பேசும் ஆட்டமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

தாயத்துக்குப் புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் போதும். ஆடுபுலி ஆட்டத்துக்கு மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று முனைகள் கொண்ட ஒரு கோலம். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை அசையவிடாமல் மடக்கினால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. தோட்டத்துப் பிள்ளைகள் புலிகளுக்கு யார் யார் பெயரை வைத்திருப்பார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

இருட்டிய பிறகு எண்ணெய் விளக்கை வீணாக்க முடியாது. அப்போது விடுகதை. தொல்காப்பியம் 'பிசி' என்று இதைத் தனிச் செய்யுள் வகையாகவே சொல்லுகிறது. நம் தோட்டத்தை வைத்தே ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம்: விடியுமுன் கீறினால் வெள்ளை இரத்தம், வெயில் ஏறினால் தானே நிற்கும், அது என்ன? பால்மரம் என்று சொல்ல ஐந்து வயதுப் பிள்ளைக்கும் முடியும். அடுத்ததை அந்தப் பிள்ளையே கட்டட்டும்.

மழை மட்டுமா பிள்ளைகளை உள்ளே அடைத்தது? 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பல தோட்டங்களின் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது, ஊரடங்கும் வந்தது. வானம் தெளிவாக இருந்த மாலையிலும் பிள்ளைகள் உள்ளேதான். மழைக்காகக் கற்ற ஆட்டங்கள் அந்த மாலைகளுக்கும் உதவின.

திரை என்று ஒன்று அக்காலத்திலும் இருந்தது. தகவல் இலாகாவின் வண்டி வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். மழை வந்தால் முதலில் சுருட்டப்படுவது அந்தத் துணிதான்! 1963 டிசம்பர் 28-இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. தோட்டத்து வீடுகளுக்குள் அது நுழைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்றைய கைப்பேசிக்கு மழையும் தடையில்லை, இரவும் தடையில்லை.

காய்களும் மாறிவிட்டன. 1917-இல் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் வாணிகத்துக்காகச் செம்பனை நட்டார். மலாயாவில் அதுவே முதல் முயற்சி. நம் மொழியிலே தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை ஏறியது ஒரு வேடிக்கைதான். பின்னாளில் கித்தா மரங்களை வெட்டி எங்கும் அதையே நட்டார்கள். 2007-இல் அந்தப் பட்டணத்தின் பெயரும் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. இன்று கித்தா விதை தேடி அலைய வேண்டும்.

சாலையோரத்து மஞ்சாடி மரத்தடியில் சிவப்பு விதைகள் கொட்டிக் கிடக்கின்றன. எழுபது விதையைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து டின்னில் போட்டுவையுங்கள். பலகைக்கு முப்பது முட்டை பிடிக்கும் அட்டைத் தட்டு போதும். அதில் வரிசைக்கு ஆறு குழியாக இரண்டு வரிசையை வெட்டிக்கொள்ளலாம். குறைகிற இரண்டு குழிக்கு, முனைக்கு ஒன்றாக இரண்டு தேங்காய்ச் சிரட்டை.