சீட்டித் துணியில் பிறந்த பட்டணம்

சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. எந்த ராஜாவின் அரண்மனை அங்கே இருந்தது என்று தேடிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அங்கே குடியிருந்தவர்கள் ஆர்மீனிய வியாபாரிகள். 1772-ல் அவர்கள் எழுப்பிய மாதா கோயில் இன்றும் இருக்கிறது. ஆர்மீனியன் என்ற சொல் நம்மவர் வாயில் புகுந்து புறப்பட்டபோது அரண்மனை ஆகிவிட்டது! இந்தப் பட்டணத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஒரு நாள் காலை பாரிமுனையில் இறங்கி நடந்து பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். செருப்பு மட்டும் பழையதாக இருக்கட்டும்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம், ஒரு வாசனை. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். மஞ்சள் தடவிய அட்டைகள் கடை வாசல் வரை அடுக்கியிருக்கும். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, வளையல். பத்ரியன் தெரு பூவுக்குப் பேர் போனது. நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்துச் சரக்கு நெடி மூக்கைத் துளைக்கும். சௌகார்பேட்டையில் நுழைந்தால் ஜிலேபி எண்ணெய்ப் புகையும் ஹிந்திப் பேச்சும். இவ்வளவுக்கும் ஒரு காலத்தில் இதற்குக் கறுப்பர் பட்டணம் என்று பெயர். நிறத்திலே வாழ்ந்த ஊருக்கு நிறத்தாலேயே ஓர் அவமானப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதுவும் முதல் கறுப்பர் பட்டணம் இதுவல்ல. முதலாவது கோட்டையை ஒட்டினாற்போல், இன்று ஹைகோர்ட்டு நிற்கிற பக்கத்தில் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதி போயிற்று. 1758-59 முற்றுகைக்குப் பிறகு மீதியும் போயிற்று. பீரங்கி சுடுவதற்கு மறைவில்லாத வெளி வேண்டும் என்பது கும்பினியாரின் கவலை. இதற்கு மேல் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தருகே இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் அதைத் திரும்பிப் பார்ப்பார் யாருமில்லை. அந்தப் பழைய பேட்டையில் இருந்த சென்னகேசவப் பெருமாளுக்கும் இடம் பெயர வேண்டியதாயிற்று. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று புதுக் கோயில் எழுப்பினார். இப்போது வளையல் கடைகளுக்கு நடுவே பெருமாள் எழுந்தருளியிருக்கிறார்.

ஆனால், ஊர் பிறந்த காரணத்தைச் சொல்லாமல் இடிந்த கதையைச் சொல்கிறேன். 1639-ல் பிரான்சிஸ் டே என்ற கும்பினி உத்தியோகஸ்தர் துறைமுகமே இல்லாத இந்த மணல் கரையை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்? இங்கே துணி நூற்றுக்கு இருபது பங்கு மலிவு என்று அவர் எழுதினார். கோட்டை, கொத்தளம், கவர்னர் எல்லாம் அப்புறம் வந்தவை. முதலில் வந்தது துணி. அதிலும் சித்திரம் எழுதிய சீட்டித் துணி.

அதை எழுதுவது லேசான வேலையில்லை. துணியைப் பாலிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறப் போட வேண்டும். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரைத் தொட்டு எழுதினால் கறுப்புக் கோடு விழும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவிச் சாயவேரோடு கொதிக்க வைக்க வேண்டும். நீலத்துக்கு அவுரி, நீலம் ஏறக் கூடாத இடமெல்லாம் மெழுகு பூச வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வெளுப்பு, ஒரு காய்ச்சல். அதனால்தான் நெசவுகாரரோடும் சித்திரக்காரரோடும் வண்ணாரும் வந்து குடியேறினார்கள். வண்ணாரப்பேட்டை அவர்கள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்தச் சித்திரக்காரர்கள் வாயில்லாப் பூச்சிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 1680-ல் அவர்கள் கும்பினியாரோடு மனம் கசந்து, வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு, கோல்கொண்டா ஆட்சியில் இருந்த சாந்தோமுக்குப் போய்க் கூடிவிட்டார்கள். அங்கிருந்து ஊரிலுள்ள பல ஜாதியாருக்கும், படகுக்காரர், கூலிகள், துபாஷிகள் வரைக்கும், மிரட்டல் ஓலை அனுப்பினார்கள். கோட்டை நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. எழுதுகோல் பிடித்த கை கும்பினியை ஒரு கணம் கலங்க வைத்தது என்பதைப் படிக்கும்போது, எனக்கு ஏனோ உள்ளூர ஒரு சந்தோஷம்.

அவர்கள் எழுதிய துணி சீமையில் செய்த கலாட்டா இதைவிடப் பெரிது. பிரான்ஸ் 1686-ல் சீட்டித் துணியைத் தடுத்தது. இங்கிலாந்து 1700-ல் ஒரு சட்டம் போட்டது; போதாமல் 1721-ல் இன்னொன்று. லண்டன் நெசவாளர்கள் வயிற்றெரிச்சல் தாளாமல், சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவிலே மறித்து உடையைக் கிழித்தார்கள். நம் ஊர்க் கடுக்காய்க்கு அவ்வளவு வீரியம்! இவ்வளவு சட்டத்துக்குப் பிறகும் 1734-ல் கூவம் வளைந்து செல்கிற இடத்தில், சுங்குராமருடைய தோட்டத்தை எடுத்து, நூற்பவர், நெய்பவர், சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோருக்கென்றே ஒரு பேட்டை அமைத்தார் கவர்னர் பிட். சின்னத் தறிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. சித்திரக்காரருக்கு ஊர் நடுவே இடம் தேடிக் கொடுத்த காலம் அது.

சந்தைகளும் அப்புறம் இடம் பெயர்ந்துகொண்டேதான் இருந்தன. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட்டு 1985-ல் எரிந்தது. பழைய புத்தகக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். கொத்தவால் சாவடியின் காய்கறி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போயிற்று.

துணியில் எழுதுகிற வித்தை மட்டும் சினிமாவின் தயவில் மறுபடி பிழைத்தது. மவுண்ட் ரோட்டில் கதாநாயகர்கள் மூன்று மாடி உயரத்துக்கு நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்குவார்கள். கன்னத்தில் பச்சையும் நெற்றியில் ஊதாவும் எதற்கு என்று ஒரு வயதான ஓவியரை ஒரு தடவை கேட்டேன். "கிட்ட நின்னு பார்த்தா வெறும் சாயந்தான் சார். எதிர் பிளாட்பாரத்துக்குப் போங்க, ஆள் எழுந்து வருவான்" என்றார். போய் நின்று பார்த்தேன்; வந்தான். பிறகு கம்ப்யூட்டரில் அச்சிட்ட பிளெக்ஸ் வந்தது. சில வருஷங்களுக்குள் தூரிகைகளுக்கு வேலை இல்லை. 2009-ல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுத்துச் சித்திரம் தீட்ட முனைந்தபோது, அந்த பேனர் ஓவியர்களில் சிலருக்குக் கூலி கிடைத்தது. நடிகர் முகம் எழுதிய கை, கோபுரமும் ஜல்லிக்கட்டும் எழுதிற்று.

2020-ல் வேறொரு விதமான சித்திரம் வந்தது, ஊருக்கு வெகு தொலைவில். கூவக் கரையிலும் இன்னும் பல இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகரில் குடி வைத்திருந்தார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றின் மொட்டைச் சுவர்களில் ஓவியர்கள் மாடி உயரத்துக்கு முகங்களை எழுதினார்கள். வெகு நன்றாக எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிரிக்கிற ஒரு குழந்தையைப் பார்த்தபடி நான் நின்றபோது, கீழே ஓர் அம்மாள் பிளாஸ்டிக் குடங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள்.

"படம் எப்படியம்மா, பிடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. முன்னெல்லாம் சொந்தக்காரங்க வந்தா எந்த பிளாக்குன்னு தெரியாம சுத்துவாங்க. இப்ப பாப்பா படம் போட்ட வீடுன்னா வந்துடுறாங்க."

"முன்னே எங்கே இருந்தீங்க?"

"சிந்தாதிரிப்பேட்டை, கூவத்து ஓரம். இன்னும் வியாபாரம் அங்கதான் ஐயா, மீன் மார்க்கெட்டுல. இருட்டோட ஷேர் ஆட்டோ புடிச்சாதான் விடியறதுக்குள்ள போய்ச் சேரலாம்."

குடங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகினாள்.