கொடுவிலங்கு வேட்டையும் கருவி மதிப்பீடும்

வேட்டைக் கருவியின் தரம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். இது உயர்வு நவிற்சியே எனினும், ஊடுருவும் ஆற்றலே கருவியின் அளவுகோலாக இருந்தமை இதனால் புலனாகிறது.

துப்பாக்கிக் காலத்தில் மற்றோர் அளவுகோலும் சேர்ந்தது. முதற்குண்டு பிழைத்தால் இரண்டாவது எத்துணை விரைவில் வெடிக்கும் என்பதே அது. 1898ஆம் ஆண்டின் மௌசர் போன்ற போல்ட் துப்பாக்கிகளின் கைப்பிடி வலப்புறம் அமைந்திருந்தது. இடத்தோளில் வைத்துச் சுடுவோர் அதனை இயக்கக் கையைக் குறுக்கே நீட்டவேண்டும். பாயும் புலியின் முன் அத்தாமதம் உயிரைப் பறிக்கும். எனவே பழைய துப்பாக்கியை வாங்குவோர் குழலின் துருவையும், வெற்றுறையை வெளித்தள்ளும் உறுப்பின் திண்மையையும் ஆராய்வதோடு, அது தம் கைக்குப் பொருந்துமா என்பதையும் நோக்குதல் இன்றியமையாதது.

தமிழகக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பயன்படுத்திய துப்பாக்கி இங்குக் கருதத்தக்கது. அது ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர்; .405 அளவுடையது. விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலால் இயங்குவதால் இரு கையினர்க்கும் அது ஏறத்தாழ ஒன்றே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் புலி வேட்டை முடிவுற்றது. இன்று அத்துப்பாக்கிகள் வேட்டைக்குரியன அல்ல. ஓரியின் அம்பைப் போலவே, மனிதன் தன் அச்சத்தை அளந்த முறைக்கு அவை சான்றுகள் எனலாம்.